வாத்தியாரின் 1973 புல்லட்: எதை விட்டேன், எதை மாற்றினேன்

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. கேட்க முடியாதவர்களுக்காக எழுத்தில்.)



முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் நான் பெயிண்ட் ஸ்ப்ரே அடித்து, தின்னர் நெடி லிஃப்ட் வழியாக மூன்றாவது மாடி வரைக்கும் போனது. பி பிளாக்கில் ஒரு சின்னப் பையனுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வாட்ஸாப் குழுவில் என்னை என்னென்ன சொன்னீர்களோ அத்தனையும் நியாயம். அதற்குப் பிறகு பெயிண்ட் வேலை முழுவதும் வெளியில் பட்டறையில்தான் நடந்தது. கீழ்த்தளத்தில் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வைப்பதையும் நிறுத்திவிட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும், மூடிய இடத்தில் போய்த் தேங்கும். பக்கத்திலேயே மோட்டார் ஸ்விட்ச். பி.காம். படித்தவனுக்கு இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"ஒரு பழைய புல்லட்டுக்கு இவ்வளவு பாடா சார்?" என்று செயலாளர் கேட்டார். அதையே இங்கே பேசிவிடுங்கள் என்றும் சொன்னார். சரி.

1987-லிருந்து மூன்றரை வருடம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காக இருந்தேன். நான் போனபோது அது ஒரே வட ஆற்காடு மாவட்டம். ஐ.ஆர்.டி.பி. ஆட்டுக் கடன், மாட்டுக் கடன் காலம். கடன் வாங்கியவர் ஊரில் ஆடு நிற்கிறதா என்று போய்ப் பார்த்து எழுத வேண்டும். பஸ் ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ. அங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரு வாத்தியார் இருந்தார். அவரிடம் 1973 மாடல் புல்லட். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும், "பேங்க் சார், ஏறுங்க" என்பார். பின்னால் உட்கார்ந்து சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஊர் ஊராகப் போவேன். மலையாளி மக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, தவணை எப்போது என்று புரியவைப்பது எல்லாம் அவர் செய்ததுதான். என் கிளையில் வசூல் நன்றாக இருந்ததற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பெட்ரோல் அவருடையது.

2022-ல் அவர் தவறிவிட்டார் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கம் கேட்கப் போனேன். வண்டி பலா மரத்தடிக் கொட்டகையில், சீட்டின் மேல் சாமை மூட்டை அடுக்கிய நிலையில் நின்றது. சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. மகன் அதைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார். 35,000 ரூபாய்க்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வாத்தியார் வீட்டம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பேங்க் தம்பி, ஓட வச்சீங்கன்னா ஒரு தடவை இங்க கொண்டாங்க. சத்தம் கேக்கணும்."

கொடுத்த வாக்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்காகப் பட்ட பாடு.

நான் கிளார்க். வண்டியில் முதலில் பார்த்தது இன்ஜினை அல்ல, ஆர்.சி.யை. புத்தகம் கரையான் அரித்த ஓரத்தோடு இருந்தது. 2003-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. அதைவிட மோசம், 1979-ல் வாங்கிய கடனுக்கான அடமானக் குறிப்பு நீக்கப்படாமல் அப்படியே நின்றது. கடன் கட்டி முடித்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். ஆனால் வங்கி கையெழுத்திட்டுத் தர வேண்டிய படிவம் 35 யாரும் வாங்கவில்லை. அந்தக் கிளை இன்னொரு கிளையோடு சேர்ந்துவிட்டது, லெட்ஜர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த வங்கி என்று கேட்காதீர்கள். நான்கு மாதம் அலைந்தேன். என் வேலைக் காலத்தில் இந்த மாதிரி வந்து நின்ற எத்தனை பேரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருப்பேன் என்று எண்ணிக்கொண்டே அலைந்தேன்.

வரிசை இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் விற்பனைக்கான 29, 30. அடமானம் நீக்க 35. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க 25. சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும். இவை ஆர்.சி.யோடு ஒத்துப் போகாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பேரிங் கெட்டால் மாற்றலாம், எண் கெட்டால் மாற்ற வழி இல்லை.

இனி வண்டி. புல்லட் நம் ஊர்ச் சரக்கு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்தக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்று தொடங்கி, திருவொற்றியூரில் செய்தார்கள். முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள், பிறகு எல்லாமே இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடிவிட்டது. திருவொற்றியூர் மூடவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. ஒரே அச்சில் இத்தனை வருடம் வார்த்ததால்தான் ஐம்பது வருட வண்டிக்கு இன்றைக்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் பிஸ்டன் கிடைக்கிறது, புதுப்பேட்டையில் பழைய மட்கார்டு கிடைக்கிறது. வேறு எந்தப் பழைய வண்டியை எடுத்திருந்தாலும் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

346 சி.சி., 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். சிலிண்டர் வார்ப்பிரும்பு. நாங்கள் திறந்தபோது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தது. நாங்கள் என்றால் நானும், சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயும். பாய்க்கு எழுபது வயது. ப்ளக் துவாரம் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி பத்து நாள் ஊறப் போட்டார். நான் சுத்தியலைத் தொட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோராம் நாள் கிக்கரைக் கையால் அமுக்கினோம், அரை அங்குலம் நகர்ந்தது. அன்றைக்கு இரண்டு டீ கூடுதலாகக் குடித்தோம்.

போரிங், பிஸ்டன், கிராங்க் பின், பிக் எண்ட் புஷ், வால்வு கைடு எல்லாம் லேத் பட்டறை வேலை. அங்கே நாம் காசு கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பதுதான் வேலை. வீட்டில் செய்யக்கூடியது வேறு. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் வைப்பது, கார்புரேட்டர் கழுவுவது, வயரிங் இழுப்பது. டேப்பெட் வைப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. புல்லட்டில் இடைவெளி கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கணக்கு டேலி ஆகிற மாதிரி ஒரு இடம் இருக்கிறது, விரலுக்குத் தெரியும்.

டேங்குக்குள் துரு. ஒரு பிடி நட்டு போல்ட்டும் வினிகரும் போட்டு இரண்டு பிள்ளைகள் மாறி மாறிக் குலுக்கினார்கள். புளி கரைத்து ஊற்றலாம் என்று பாய் சொன்னார். வீட்டில் புளி தர மறுத்துவிட்டார்கள். இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கிவிடும். பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷரையும் ஒரு தடவை பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

கிக்கர் அடிப்பது எப்படி என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பலத்தில் இல்லை. சாவி போட்டதும் ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அமுக்க, முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே டீகம்ப்ரஷர் கம்பியை இழுத்து இன்னும் கொஞ்சம் அமுக்கி, விட்டுவிட்டு, ஒரே மிதி. இதைச் செய்யாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். என் கணுக்காலில் தழும்பு இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பிறகு வரலாம்.

2024 ஜனவரியில் வண்டி ஓடியது. பிப்ரவரியில் மலைக்குப் புறப்பட்டேன். கண்ணமங்கலம், போளூர், அங்கிருந்து மலை. அப்போது வண்டி முழுக்க முழுக்க 1973 நிலையில் இருந்தது. 6 வோல்ட் பேட்டரி, முன்னால் 6 அங்குல டிரம் பிரேக், எல்லாம் அசல். அசலாக வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஏற்றத்தில் வண்டி அலுங்காமல் இரண்டாவது கியரில் டப் டப் என்று ஏறியது. வாத்தியார் வீட்டுக்கு ஒரு வளைவு இருக்கும்போதே அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டார். இன்ஜினை நிறுத்தப் போனேன். "இருக்கட்டும், நிறுத்தாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டார்.

பிரச்சினை இறங்கும்போது வந்தது.

திரும்பும்போது காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்கலாம் என்று தோன்றியது. வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கும்மட்டம் தெரியும், என் வேலைக் காலத்தில் பார்த்துப் பழகிய காட்சி. 1986-ல் அங்கே திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே கட்டியது. அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. அந்த ஞாபகத்தில் உற்சாகமாக வந்தேன். இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டேன். பழைய புல்லட்டில் அதற்கென்றே குதிகால் பக்கம் ஒரு லீவர் இருக்கிறது, ஒரு மிதி மிதித்தால் மேல் கியரிலிருந்து நேராக நியூட்ரல். வங்கிக்காரன் புத்தி.

டிரம் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டிரம்முக்குள் இரண்டு ஷூ. ஒரே ஒரு கேம் இரண்டையும் விரிக்கிறது. அதில் ஒரு ஷூ சக்கரம் சுற்றும் திசையிலேயே இழுக்கப்பட்டு, தானாகவே இறுகும். மற்றது சுற்றும் திசைக்கு எதிராகத் தள்ளப்படும். அதனால் வேலையில் பெரும்பகுதி ஒரு ஷூ செய்வதுதான். வண்டியின் வேகம் முழுவதும் அந்த லைனிங்கில் சூடாக மாற வேண்டும். இரும்பு டிரம் மூடிய பெட்டி, சூடு வெளியே போக நேரம் வேண்டும். இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் விரியும், லைனிங் வழுக்கும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது. புது லைனிங் இன்னும் டிரம்மில் படியவும் இல்லை. இத்தனையும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு வளைவுக்கு முன்னால் முன் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை. பயத்தில் வலது காலை ஓங்கி மிதித்தேன். இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய கால், பின் பிரேக் வலது பக்கம் என்றே அதற்குத் தெரியும். பழைய புல்லட்டில் பிரேக் இடது பக்கம், வலது பக்கம் கியர். அதிலும் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. நியூட்ரலில் இருந்த வண்டி இரண்டாவது கியரில் விழுந்தது. பின் சக்கரம் கீச்சென்று இழுத்து, வண்டி கோணலாகச் சறுக்கி, மலைப் பக்கத்து மண் கரையில் போய்ச் சாய்ந்தது. அந்தப் பக்கம் இல்லாமல் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கூட்டத்தில் வேறு யாராவது பேசியிருப்பார்கள்.

பின்னால் வந்த அரசு பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். டிரம்மைத் தொட்டுக் கையை உதறினார். "ஐயா, எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்ல இறங்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், கிளம்பிவிட்டார். தோள்பட்டை வீங்கி மூன்று வாரம். வீட்டில் மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் "மாற்றுவது" என்ற பேச்சே வந்தது. நம் இளைஞர்களும் நிறைய யோசனை சொன்னார்கள். டிஸ்க் பிரேக் போடுங்கள், செல்ஃப் ஸ்டார்ட் போடுங்கள், அலாய் வீல் போடுங்கள் என்று. ஒருவர் சைலன்சரையும் மாற்றச் சொன்னார், ஊரே திரும்பிப் பார்க்குமாம். ஊர் ஏற்கெனவே வாட்ஸாப்பில் திரும்பிப் பார்த்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும். விபத்து ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

மறுபக்கம், ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-லிருந்து 'விண்டேஜ்' பதிவு என்று ஒன்று வந்திருக்கிறது. என் வண்டிக்கு வயது தகுதி உண்டு. ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற மாதிரி. வாத்தியார் அந்த வண்டியில் அரிசி மூட்டை ஏற்றினார், பிரசவ வலி வந்த பெண்ணைக்கூட ஏற்றிப் போனார். அதைக் காட்சிப் பொருளாக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சாதாரணப் பதிவு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல்.

அப்புறம் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். வெட்டக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. மாற்றியதை ஒரு நாளில் கழற்றிப் பழையதை மாட்ட முடிய வேண்டும். உயிருக்கு அவசியமானதை மட்டும்தான் தொட வேண்டும்.

அந்தக் கணக்கில் இரண்டே மாற்றங்கள். முன் சக்கரத்துக்கு, பின்னாளில் அதே கம்பெனி அதே 350-க்குக் கொடுத்த 7 அங்குல டிரம். அதில் இரண்டு கேம், இரண்டு ஷூவும் சுற்றும் திசையில் தானாக இறுகுகிறவை. ஹப் மாற்றி ஸ்போக்ஸ் புதிதாகக் கோத்தோம், போர்க்கில் சரியாக உட்கார லேத்தில் ஒரு ஸ்பேசர் கடைந்தோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டிச் சொன்னேன். டிஸ்க்குக்குப் போயிருந்தால் போர்க்கையே மாற்ற வேண்டியிருக்கும், அங்கே என் விதி உடைந்துவிடும். இரண்டாவது, 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட். பழைய விளக்கு எதிரே வரும் வண்டிக்கு நான் வருகிறேன் என்று தெரிவிக்கும், எனக்கு ரோட்டைக் காட்டாது. ஆல்டர்னேட்டர் அதேதான். இணைப்பை மாற்றி, ரெகுலேட்டர், காயில், பல்ப், ஹாரன், பேட்டரி புதிது. கழற்றிய 6 வோல்ட் சாமான் எல்லாம் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில், ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன்.

செல்ஃப் ஸ்டார்ட் போடவில்லை. முழங்கால் ஒத்துழைக்காத நாள் வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்திருக்கிறேன்.

செலவு கேட்பீர்கள். வண்டி 35,000. இன்ஜின் 31,400. மின்சார வேலை 9,800. சக்கரம், பிரேக் 14,600. பெயிண்ட், குரோமியம் 12,500. காகிதச் செலவு 4,700. ஆக மொத்தம் 1,08,000. டீ, பஸ், ஜி.பி. ரோட்டு மதியச் சாப்பாடு சேர்க்கவில்லை. முதல் கணக்கில் 81,000 என்று வீட்டில் சொல்லியிருந்தேன். இன்றைக்குப் பகிரங்கமாகத் திருத்திக்கொள்கிறேன்.

போன அக்டோபரில் அதே வழியாக மறுபடியும் இறங்கினேன், மழை விட்ட மறுநாள். இரண்டாவது கியர், சில வளைவுகளில் முதல் கியர். அடிவாரத்தில் நிறுத்தி டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது, கை வைக்க முடிந்தது. புது பிரேக் பாதி, பஸ் டிரைவர் சொன்னது பாதி. எது அதிகம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வரும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேல் விசிட்டர் பார்க்கிங்கில் வண்டி நிற்கும். ஒன்பதரைக்கு முன்னால் ஸ்டார்ட் செய்ய மாட்டேன் என்று பி பிளாக்குக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் செருப்போடு வர வேண்டாம், ஷூ போட்டு வரவும். பழைய ஆயிலை யாரும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். என் கேனில் ஊற்றினால் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.